வானலையில் இருப்பிடம் சொல்ல ஒரு ஏபிஆர்எஸ் நிலையம்: கேபிளிலிருந்து வரைபடம் வரை

ஏபிஆர்எஸ் என்பது இருப்பிடத்தையும் சிறு தகவல்களையும் வானலையில் பகிரும் முறை. அதன் அலைவரிசையில் ஹேண்டியை (கையடக்க வானொலி செட்டை) வைத்துக் காத்திருந்தால் அவ்வப்போது "கர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். பெரும்பாலும் ஒரு நொடிகூட நீடிக்காது. அனுப்பியவரின் அழைப்புக்குறி (வானொலியில் அவரை அடையாளம் காட்டும் பெயர்), அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், போகும் திசை, ஒரு வரிக் குறிப்பு எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். கேட்கும் தூரத்தில் உள்ள எல்லா நிலையங்களின் வரைபடத்திலும் அவர் இருக்கும் இடம் ஒரே நேரத்தில் தெரியும். செல்போன் கோபுரமோ இணையமோ தேவையில்லை.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பாப் புருனிங்கா 1980களில் தொடங்கி உருவாக்கிய முறை இது. அவருடைய அழைப்புக்குறியான டபிள்யூபி4ஏபிஆரின் கடைசி மூன்றெழுத்து இதன் பெயரிலேயே இருக்கிறது. 2022இல் அவர் காலமானார். இதை வெறும் வண்டி கண்காணிப்புக் கருவியாகப் பார்ப்பதை அவர் தொடர்ந்து மறுத்து வந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார்கள், எந்த ரிப்பீட்டர் (பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) வேலை செய்கிறது, எங்கே என்ன நடக்கிறது என்பதை எல்லாரும் ஒரே அலைவரிசையில் பகிர்ந்துகொள்வதுதான் அவர் நோக்கம். அந்த அலைவரிசை ஒன்றே ஒன்று, எல்லாருக்கும் பொது. அதில் எவ்வளவு குறைவான நேரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதை மனதில் வைத்தே இனி வரும் ஒவ்வொரு அமைப்பையும் செய்ய வேண்டும்.

அனுப்புவதற்கு அமெச்சூர் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைத்துத் தருகிறது. அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800, ஆஸ்திரேலியாவில் 145.175. உங்கள் ஊர்க் கழகத்தில் கேட்டு, அவர்கள் எதில் இருக்கிறார்களோ அதிலேயே போங்கள். ஆளில்லாத அலைவரிசையில் அனுப்பினால் வாங்கி மறுஒலிபரப்ப எந்த நிலையமும் இருக்காது.

அந்தச் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது

1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டே தொனிகள். நொடிக்கு 1200 பிட் வேகத்தில் இவை மாறி மாறி வரும். தொனி மாறினால் பூஜ்யம், மாறாமல் நின்றால் ஒன்று. ஒருமுறை அனுப்பும் தரவுத் தொகுப்புக்குப் பாக்கெட் என்று பெயர். அதன் கடைசியில் 16 பிட் சரிபார்ப்பு எண் இருக்கும். நடுவில் ஒரே ஒரு பிட் பிசகினாலும் கணக்கு இடிக்கும், வழக்கமான வாங்கும் கருவி அந்தப் பாக்கெட்டை முழுவதுமாகத் தூக்கிப் போட்டுவிடும். இருப்பிடப் பாக்கெட்டுக்கு "கிடைத்தது" என்ற பதிலும் கிடையாது, கிடைக்காவிட்டால் மறுபடி அனுப்புவதும் கிடையாது. பேச்சில் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் காது சமாளித்துக்கொள்ளும். இங்கே அந்தச் சலுகை இல்லை. ரிப்பீட்டரில் "நன்றாகக் கேட்கிறது" என்று பேர் வாங்கிய செட் ஏபிஆர்எஸ்ஸில் தோற்பதற்குக் காரணம் இதுதான்.

தேவையான பொருட்கள்

எளிய வழி, ஏபிஆர்எஸ் உள்ளேயே இருக்கும் செட்: கென்வுட் டிஎச்-டி75, யேசு எஃப்டி5டி போன்றவை. விலை அதிகம், கேபிள் வேலை இல்லை. அடுத்த வழி, கையில் இருக்கும் சாதாரண எஃப்எம் ஹேண்டியுடன் ஆண்ட்ராய்டு போனில் ஏபிஆர்எஸ்டிராய்டு செயலி, இரண்டுக்கும் நடுவே ஒரு புளூடூத் டிஎன்சி (தரவைத் தொனியாகவும் தொனியைத் தரவாகவும் மாற்றும் பெட்டி). வீட்டு நிலையத்துக்கும் கற்றுக்கொள்வதற்கும் மூன்றாவது வழிதான் சிறந்தது: ஒரு ராஸ்பெர்ரி பை, சிஎம்108 சில்லு உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு, டிஎன்சி வேலையைக் கணினியில் செய்யும் டைர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள், ஒரு ஹேண்டி. நடமாடும் நிலையமானால் நியோ-6எம் ஜிபிஎஸ் பலகை ஒன்றும் வேண்டும்.

கேபிள் செய்ய 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் தலா ஒன்று, 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, ஹேண்டிக்குப் பொருந்தும் பழைய ஹெட்செட் ஒயர் ஒன்று. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

கேபிளும் ஒலி அளவும்

பாக்கெட் போய்ச் சேராத நிலையங்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இங்கேதான் இருக்கும், நிதானமாகச் செய்யுங்கள். சவுண்ட் கார்டிலிருந்து கிட்டத்தட்ட 1 வோல்ட் வரை வரும். ஹேண்டியின் மைக் எதிர்பார்ப்பது சில பத்து மில்லிவோல்ட். நேராக இணைத்தால் ஒலி நசுங்கிச் சிதையும். சவுண்ட் கார்டு அவுட்டிலிருந்து 10 கிலோ ஓம் தொடராகப் போகட்டும். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் வையுங்கள். இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக மைக்குக்கு. மைக் முனையில் ஹேண்டி கொடுக்கும் டிசி வோல்ட்டைத் தடுப்பது கெப்பாசிட்டரின் வேலை. 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் 1200 ஹெர்ட்ஸ் தொனி பலவீனமாகிவிடும்.

பிடிடிக்கு (அனுப்பச் சொல்லும் பொத்தானின் இணைப்புக்கு), ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ முனையிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக பிசி547இன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் ஹேண்டியின் பிடிடி முனைக்கு. பாவ்ஃபெங் வகை இரட்டைப் பிளக்கில் 2.5 மி.மீ. பிளக்கின் அடிவளையம் கிரவுண்டு, 3.5 மி.மீ. பிளக்கின் அடிவளையம் பிடிடி. இரண்டையும் தொட்டால் செட் அனுப்பத் தொடங்கும். சால்டர் வைப்பதற்கு முன், ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் உறிஞ்சும் சுமை) மாட்டி, ஒரு துண்டு ஒயரால் தொட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிடிடி ஒயர் போடச் சோம்பல்பட்டு வாக்ஸில் (ஒலி கேட்டால் தானே அனுப்பும் வசதியில்) விட வேண்டாம். ஒலி வந்த பிறகுதான் வாக்ஸ் செட்டைத் திறக்கும், அதனால் பாக்கெட்டின் தலை வெட்டுப்படும். பாக்கெட் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அலையைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் வரும் அடுத்தவர் பாக்கெட் உங்களுக்கும் கேட்காது.

இனி அனுப்பும் ஒலியின் அளவு. எஃப்எம் செட்கள் மேல் அதிர்வெண்ணைத் தூக்கி அனுப்பும் பழக்கம் உள்ளவை. 1200ஐவிட 2200 சுமார் 5 டெசிபல் பெரிதாகப் போகும். ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் கூரையில் இடிப்பது 2200. அப்போது இரண்டு தொனிக்கும் நடுவே இருக்க வேண்டிய விகிதம் கெட்டு, வாங்கும் பக்கத்தில் எதுவும் பிரியாது. வேண்டிய டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸ். அளக்க மீட்டர் இல்லையென்றால் இப்படிச் செய்யலாம்: டைர்வுல்ஃபில் தொனியைத் தொடர்ந்து அனுப்பும் வசதி இருக்கிறது. டம்மி லோடில், குறைந்த பவரில் அதை ஓடவிட்டு, இன்னொரு ஹேண்டியில் கேளுங்கள். ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் சத்தம் பெரிதாகாது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காதுக்குப் பாதியாகக் குறைந்தது போலத் தோன்றும் வரை இறக்குங்கள். கொஞ்சம் குறைவாக இருப்பது பாதகமில்லை, அதிகமானால்தான் கெடும்.

வாங்கும் பக்கம் எளிது. டைர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒலி அளவை எண்ணாகக் காட்டும். அது 50ஐ ஒட்டி இருக்கும்படி ஹேண்டியின் வால்யூமைத் திருப்பி, குமிழின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

செட்டுக்குள் மாற்ற வேண்டியவை

பாவ்ஃபெங் யுவி-5ஆரை எடுத்துக்கொள்வோம், பலரிடம் இருப்பது அதுதான். மெனு 0இல் ஸ்குவெல்ச்சை (அலை வராதபோது இரைச்சலை அடைக்கும் வசதியை) பூஜ்யம் ஆக்குங்கள். ஸ்குவெல்ச் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாக்கெட்டின் முன்பகுதி போய்விடும். இரைச்சலிலிருந்து பாக்கெட்டைப் பிரிப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மெனு 3இல் பேட்டரி சேமிப்பை நிறுத்துங்கள். அது ஓடும்போது செட் தூங்கித் தூங்கி விழிக்கும், தூங்கும் நேரத்தில் வரும் பாக்கெட் நஷ்டம். மெனு 5இல் அகல எஃப்எம். மெனு 7இல் இரட்டைக் கண்காணிப்பை நிறுத்துங்கள். மெனு 39இல் ரோஜர் பீப்பை (அனுப்பி முடித்ததும் செட் சேர்க்கும் ஒலியை) நிறுத்துங்கள். சிடிசிஎஸ்எஸ் தொனி (ரிப்பீட்டரைத் திறக்கச் சேர்க்கும் தாழ்ந்த தொனி), ரிப்பீட்டர் ஷிஃப்ட் (அனுப்புவதையும் வாங்குவதையும் வேறு வேறு அலைவரிசையில் வைப்பது) எதுவும் இருக்கக் கூடாது. இந்த மாற்றங்களைச் செய்யாமல் "ஆன்டெனா சரியில்லை" என்று மொட்டை மாடிக்கு ஏறுகிறவர்கள் நிறைய.

ஆன்டெனாவுக்கு, செங்குத்தாக 49 செ.மீ. கம்பி ஒன்று, அடியில் 52 செ.மீ. கம்பிகள் நான்கு, 45 பாகை சாய்வில் கீழ்நோக்கி. 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எல்லா ஏபிஆர்எஸ் அலைவரிசைக்கும் இது பொருந்தும். ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் ஓடினால் பாதிப் பவர் கேபிளிலேயே போய்விடும். கேபிளைச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் தடித்த கேபிள் வாங்குங்கள்.

இருப்பிடத்தை எழுதும்போது

ஜிபிஎஸ் இணைத்தால் கணக்கைக் கருவி பார்த்துக்கொள்ளும். வீட்டு நிலையத்துக்கு நாம்தான் எழுத வேண்டும், அங்கேதான் சறுக்கல். போன் வரைபடங்கள் தருவது பாகையின் தசமம். ஏபிஆர்எஸ் பாக்கெட் கேட்பது பாகையும் கலையும் (ஒரு பாகைக்கு 60 கலை), கலையில் இரண்டு தசம இலக்கம்.

சென்னை மெரினா கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் வடக்கு 13.0396, கிழக்கு 80.2794. பாகை 13ஐத் தனியே வையுங்கள். மீதி 0.0396ஐ 60ஆல் பெருக்கினால் 2.38 கலை. பாக்கெட்டில் 1302.38 வடக்கு. அடுத்து 0.2794 பெருக்கல் 60 என்றால் 16.76. தீர்க்கரேகைக்குப் பாகை மூன்று இலக்கம் என்பதால் 08016.76 கிழக்கு. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டால் பாக்கெட் செல்லாது. பெருக்காமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 1303.96, 08027.94 என்று எழுதியவரின் நிலையம் 3 கி.மீ. வடக்கே தள்ளி, 20 கி.மீ. கிழக்கே வங்கக் கடலுக்குள் நிற்கும். சில மென்பொருள்கள் தசமப் பாகையையும் ஏற்று, தாமே மாற்றிக்கொள்ளும். எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கலையின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 18 மீட்டர்தான் நகரும், அதற்கு மேல் துல்லியம் தேடி அலைய வேண்டாம்.

ஜிபிஎஸ் வானத்தைப் பிடிப்பதற்கு முன் அனுப்பும்படி கருவியை வைத்தால் இருப்பிடம் பூஜ்யம், பூஜ்யம் என்று போகும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் உங்கள் வண்டி ஓடும். செல்லுபடியாகும் இருப்பிடம் வந்த பிறகே அனுப்பும்படி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ், ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் இருப்பிடத்தை இழந்தால், 5 வாட் அலை அதன் காதை அடைக்கிறது என்று பொருள். ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

அழைப்புக்குறியின் பின் ஒரு எண் ஒட்டும். ஓடும் வண்டிக்கு -9, ஹேண்டிக்கு -7, போனுக்கு -5, இணைய நுழைவாயிலுக்கு -10, பலூனுக்கு -11, வானிலை நிலையத்துக்கு -13. வீட்டு நிலையத்துக்கு எண் தேவையில்லை. இரண்டு கருவிகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் வரைபடத்தில் வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவே கோடு இழுத்துக்கொண்டே இருக்கும்.

பாதை: எத்தனை பேர் திருப்பிச் சொல்ல வேண்டும்

டிஜிபீட்டர் என்பது உயரமான இடத்தில் இருந்துகொண்டு, கேட்ட பாக்கெட்டை அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் நிலையம். எத்தனை தடவை திருப்பிச் சொல்லலாம் என்பதைப் பாக்கெட்டின் பாதையில் நாம் எழுதி அனுப்புகிறோம். வண்டிக்கு "வைடு1-1, வைடு2-1" போதும். முதல் பகுதி, பக்கத்தில் இருக்கும் சின்ன டிஜிபீட்டரையும் கைகொடுக்கச் சொல்கிறது. இரண்டாவது, மலை உச்சியில் உள்ள பெரிய டிஜிபீட்டரை ஒருமுறை சொல்லச் சொல்கிறது. வீட்டு நிலையத்துக்கு "வைடு2-1" மட்டும். மாடி ஆன்டெனாவுக்குச் சின்ன டிஜிபீட்டரின் துணை வேண்டாம்.

பாதையை நீட்டினால் தூரம் போகும் என்று ஆசைப்பட்டு மூன்று, நான்கு என்று எழுத வேண்டாம். பாக்கெட் ஒரு வரிசையில் போவதில்லை. கேட்ட ஒவ்வொரு டிஜிபீட்டரும் திருப்பிச் சொல்லும், அவற்றைக் கேட்டவையும் சொல்லும். ஒரே பாக்கெட்டை அரை நிமிடத்துக்குள் மறுபடி சொல்லாமல் இருக்க டிஜிபீட்டர்களில் தடுப்பு உண்டு, ஆனாலும் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது சொல்லித்தான் தீரும். 80 பைட் பாக்கெட் ஒன்று காற்றில் அரை நொடி எடுக்கும். பாக்கெட்டுக்கு முன் விடும் முன்னோட்டத்துக்கு 300 மில்லிநொடி சேர்த்தால் 0.8 நொடிக்கு மேல். ஒருவர் அனுப்புவது இன்னொருவருக்குக் கேட்காத இடத்தில், மோதல்களால் அலைவரிசையின் 18 சதவீதம்தான் அதிகபட்சம் உருப்படியாகப் பயன்படும். நிமிடத்துக்கு 13 பாக்கெட், அதற்கு மேல் தேறாது. அந்தப் பதின்மூன்றையும் ஊர் முழுக்கப் பங்கிட வேண்டும். பலூனில் வைக்கும் டிராக்கருக்கு மேலே போன பின் பாதையே வேண்டாம், அவ்வளவு உயரத்திலிருந்து பல மாவட்டங்களுக்கு நேராகவே கேட்கும்.

முன்னோட்ட நேரத்தையும் கவனியுங்கள். பிடிடி அழுத்தியதும் செட் முழுப் பவருக்கு வரவும், எதிர்முனை ஸ்குவெல்ச் திறக்கவும் விடும் இடைவெளி அது. பத்து மில்லிநொடி அலகில் 30 என்று வைத்துத் தொடங்குங்கள். பாக்கெட் போகவில்லையென்றால் 40, 50. எல்லாம் சரியாக ஓடுகிறதென்றால் 25க்கு இறக்கிப் பாருங்கள்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை

வீடு நகராது. அரை மணிக்கு ஒருமுறை சொன்னால் போதும். வண்டிக்கு நிலையான இடைவெளி வைப்பதைவிட, வேகத்தையும் திருப்பத்தையும் பார்த்துத் தானே முடிவெடுக்கும் ஸ்மார்ட் பீக்கனிங் நல்லது. 90 கி.மீ. வேகத்தில் 60 நொடிக்கு ஒருமுறை என்று வைத்தால், 45 கி.மீ. வேகத்தில் 120 நொடியாக அதுவே மாற்றிக்கொள்ளும். 5 கி.மீ.க்குக் கீழே போனால் நின்றதாகக் கொண்டு 30 நிமிடத்துக்கு ஒருமுறை. திருப்பத்துக்கு 28 பாகை. அதாவது அதற்குமேல் வண்டி திரும்பினால் உடனே ஒன்று அனுப்பும். வேகம் குறையக் குறைய இந்தப் பாகையைக் கருவி தானே கூட்டிக்கொள்ளும், நெரிசலில் ஸ்டியரிங் ஆடுவதற்கெல்லாம் அனுப்பாது. இரண்டு திருப்பங்களுக்கு நடுவே குறைந்தது 15 நொடி இடைவெளி வையுங்கள். இது இல்லாமல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் அலைவரிசை முழுக்க நீங்கள்தான் இருப்பீர்கள்.

குறிப்பு வரிக்கு 43 பைட் இடம். அதில் ஊர்ப் பெயரும் வாழ்த்தும் போடுவதைவிட, நீங்கள் பேச்சில் எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று போடுங்கள். வரைபடத்தில் உங்களைப் பார்த்தவர் உடனே கூப்பிட முடியும். தமிழில் எழுதலாமா என்றால், போன் செயலிகளில் தெரியும், செட்டின் திரையில் குப்பையாக வரும். ஒவ்வொரு தமிழ் எழுத்தும், துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக, 3 பைட் எடுக்கும். "நலம்" என்ற சொல்லுக்கே 12 பைட். நேரடிச் செய்திக்கு உள்ள 67 பைட் இடத்தில் 22 குறிகள்தான் தேறும்.

இணையத்தோடு சேர்ப்பது

காற்றில் கேட்டதை ஏபிஆர்எஸ்-ஐஎஸ் என்ற இணைய வலையில் சேர்ப்பது ஐகேட். சேவையகத்தின் 14580ஆம் போர்ட்டில் இணைய, அழைப்புக்குறியிலிருந்து கணக்கிடப்படும் ஒரு கடவு எண் வேண்டும். அதன் பிறகு நீங்கள் கேட்டவையெல்லாம் ஏபிஆர்எஸ்.எஃப்ஐ போன்ற வரைபடங்களில் உலகம் முழுவதும் தெரியும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் குச்சியை (கணினியின் யுஎஸ்பியில் செருகும், வாங்க மட்டும் வல்ல வானொலியை) வைத்து, வாங்கும் ஐகேட் ஒன்றை அமைத்துவிடலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. இணையத்திலிருந்து ஒருவர் உங்கள் பகுதி ஹேண்டிக்குச் செய்தி அனுப்பினால் அது வானலைக்கு வராது. பகுதிக்கு ஒரு ஐகேட்டாவது அனுப்பவும் வல்லதாக இருக்க வேண்டும். அப்படி அனுப்பும் ஐகேட், சமீபத்தில் தன் காதில் விழுந்த நிலையங்களுக்கான செய்திகளை மட்டுமே வானலையில் விட வேண்டும். இணையத்திலிருந்து சுற்றுவட்டார நிலையங்கள் எல்லாவற்றையும் இழுத்து அலைவரிசையில் கொட்டுகிறவர் மற்றவர்களின் வாயை அடைக்கிறார்.

வரைபடத்தில் வராவிட்டால்

முதலில் பக்கத்தில் ஆன்டெனா கழற்றிய இன்னொரு வாங்கும் கருவியை வைத்துப் பாருங்கள். அதில் பிரிந்தால் ஒலி சரி, குறை ஆன்டெனாவிலோ தூரத்திலோ. பிரியாவிட்டால் ஒலி அளவுக்கு மறுபடி போங்கள். காற்றில் உங்கள் பாக்கெட்டை டிஜிபீட்டர் திருப்பிச் சொல்வது கேட்கிறது, இணையத்தில் மட்டும் இல்லையென்றால், அந்தப் பகுதியில் ஐகேட் இல்லை. நிலையம் நன்றாகத்தான் இருக்கிறது. அனுப்பத் தொடங்கியதும் பிடிடி பிடித்துக்கொண்டு விடவில்லை, அல்லது சவுண்ட் கார்டு காணாமல் போகிறது என்றால், ஆன்டெனாவின் அலை கேபிளுக்குள் புகுந்துவிட்டது. யுஎஸ்பி ஒயரிலும் ஒலி ஒயரிலும் ஃபெரைட் கவ்வி மாட்டி, ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள்.

இப்போது பலரும் மலிவான லோரா (குறைந்த பவரில் நெடுந்தூரம் தரவு அனுப்பும் வானலை முறை) பலகைகளில் ஏபிஆர்எஸ் ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவில் 433.775 மெகாஹெர்ட்ஸ் வழக்கம், இறக்கிக்கொள்ளும் மென்பொருளிலும் அதுவே எழுதியிருக்கும். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு அந்தப் பட்டை 434இல்தான் தொடங்கி 438இல் முடிகிறது. பலகைக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு எண்ணை மாற்றிவிடுங்கள்.